பந்தியில் யார் பரிமாறுவது? ஓர் ஊழியக் குழுவுக்கு வந்த எதிர்ப்பும் சட்டத்தின் எல்லையும்

நாங்குநேரிக்கும் திசையன்விளைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து 41 வயதான பெண் வாசகர் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் ஊரில் தையல் கடை நடத்துகிறார். கணவர் சுமை ஆட்டோ ஓட்டுகிறார். பதினேழு ஆண்டுகளாகத் தம் கிறிஸ்தவ சபையின் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சபையைச் சேர்ந்த எட்டுப் பேர் ஓர் ஊழியக் குழுவாகக் கூடி, ஆலயத்தை ஒட்டிய பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் தனித்திருக்கும் முதியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றவும், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினார்கள். அதுவரை எவரும் குறை சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஆலயத்தின் பொது விருந்தான அசனத்தின்போது, கீழத்தெருவின் பதினொரு குடும்பத்தாரும் வழக்கம்போல விறகு சுமந்து, எச்சில் இலை எடுத்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்து மனம் நொந்த இந்தக் குழு, இந்த ஆண்டு இரு தெருவாரும் சேர்ந்தே சமைப்பது, சேர்ந்தே பரிமாறுவது, ஒரே பந்தியில் உட்காருவது என்று தீர்மானித்து அதற்குப் பணமும் சேர்த்தது.

அதன் பிறகுதான் எதிர்ப்பு. பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பூட்டு விழுந்தது. எட்டு வாரமாகக் கஞ்சி நின்றுபோயிற்று. குழு பணத்தைச் சுருட்டியதாகத் திருமண்டல (மறைமாவட்ட) அலுவலகத்துக்கு ஒரு மொட்டை மனு போயிருக்கிறது. இவரையும் குழுவில் உள்ள ஓர் இளைஞரையும் இணைத்து மிகக் கேவலமாகப் பேசிய ஒலிப்பதிவு ஒன்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. 'உங்கள் வீட்டில் இனி சபை வரி வாங்க மாட்டோம். கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது' என்று மேலத்தெருப் பெரியவர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். குழுவிலிருந்து இருவர் விலகிவிட்டார்கள். கணவர் 'நமக்கு எதற்கு இந்த வம்பு' என்கிறார். இளைஞர்களோ, ஒருவர் தருவதாகச் சொல்லும் ஐந்து சென்ட் நிலத்தில் தனி ஜெபவீடு கட்டிப் போய்விடலாம் என்கிறார்கள். விசுவாசி காவல் நிலையத்துக்குப் போகலாமா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியுமா, பிரிந்து போவதா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடுவதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், 'இவ்வளவு எதிர்ப்பு வருவதே நாங்கள் தேவசித்தத்தில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டை நீதிமன்ற வராந்தாவில் சபை வழக்குகளுக்காகக் காத்து நிற்கும்போது இதே வாக்கியத்தை வாதியும் சொல்லக் கேட்டிருக்கிறேன், பிரதிவாதியும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதிர்ப்பு வருவதால் மட்டும் ஒரு காரியம் சரியாகிவிடுவதில்லை, தவறாகிவிடுவதும் இல்லை. உங்கள் நோக்கம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நோக்கத்தை நீங்கள் நடத்திச் சென்ற விதத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, எதிர்ப்பவர்கள் அவற்றின் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பணம். அசனத்துக்காகச் சேர்த்த 86,400 ரூபாயும் உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கே ஜீபேயில் வந்தது என்றும், அதில் 11,000 ரூபாய்க்கு ரசீது இல்லை என்றும் நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அந்தப் பணத்தில் அரிசிக்கும் பாத்திர வாடகைக்கும் முன்பணம் கொடுத்தீர்கள் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை வேறு, கணக்கு வேறு. மொட்டை மனுவில் உள்ள பத்துக் குற்றச்சாட்டில் ஒன்பது பொய்யாக இருந்தாலும், ஒன்றுக்கு உங்களிடம் தாள் இல்லையென்றால் விசாரணையில் அந்த ஒன்றைச் சுற்றியேதான் பேச்சு நடக்கும். முன்பணம் வாங்கியவர்களிடம் இந்த வாரமே எழுதி வாங்குங்கள். வரவு செலவை ஒரே தாளில் எழுதி, குழுவில் மூவர் கையெழுத்திட்டு, குருவானவரிடம் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை இருவர் கையெழுத்தில் இயங்கும் கூட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர்ப் பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு கைப்பிடியைச் சபைக்கென்று எடுத்துவைத்து, அதையும் அளந்து நோட்டில் எழுதியவர்கள். உங்கள் பாட்டியிடம் கேட்டால் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்வார்.

கீழத்தெருவில் யாரைக் கேட்டீர்கள்?

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. எட்டுப் பக்கத்தையும் இரண்டு முறை வாசித்தேன். 'அவர்களுக்காக' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 'அவர்கள் சொன்னார்கள்' என்று ஓர் இடத்தில்கூட இல்லை. எட்டுப் பேர் கொண்ட குழுவில் கீழத்தெருவைச் சேர்ந்தவர் ஒரே ஒரு தாய். பந்தியை மாற்றுவது என்று நீங்கள் தீர்மானித்த இரவு அவர் வாழைத்தோட்டத்து வேலைக்குப் போயிருந்ததால் வரவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் சற்று நில்லுங்கள்.

இந்தச் சண்டையில் உங்களுக்கு நேரக்கூடிய நட்டம், நான்கு ரவிக்கைத் தையல் குறைவது, வாசலில் ஒருவர் நின்று பேசுவது, மனவேதனை. இவற்றை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பதினொரு குடும்பத்தாரும் கூலி வாங்குவது மேலத்தெருக்காரர்களின் தென்னந்தோப்பிலும் வாழைத்தோட்டத்திலும். நாளைக்கு 'வேலைக்கு வரவேண்டாம்' என்று ஒரு சொல் வந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். சிலர் 'இந்த ஆண்டு வேண்டாம் அம்மா' என்று சொல்லக்கூடும். சிலர், நீங்கள் கேட்பதற்கு முன்பே பல காலமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களாக இருக்கலாம். இரண்டையும் கேட்டுக்கொள்ளும் பொறுமை உங்களுக்கு வேண்டும்.

நான் பிரசங்கம் செய்யத் தகுதியுள்ளவள் அல்ல. ஆனால் உபதேசியார் வீட்டில் பிறந்ததால் ஓர் அதிகாரத்தை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் எழுந்த முறுமுறுப்பும் சாப்பாட்டைப் பற்றியதே: அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், கிரேக்கரின் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்பது குறை. பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் புறக்கணிக்கப்பட்டார்களோ, அந்தத் தரப்பாரின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் குழுவில் விலகிய இருவரின் இடமும் காலியாக இருக்கிறது. அந்த இடங்களுக்குக் கீழத்தெருவிலிருந்து வருவார்களா என்று கேளுங்கள். வந்தால், கணக்கு நோட்டு அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும்.

காவல் நிலையத்துக்குப் போவது பாவமா?

'சகோதரன் மேல் வழக்காடக் கூடாது' என்று முதலாம் கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டிப் பெரியவர்கள் உங்களை அடக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதே பவுல், சிறையில் அடைத்த பிலிப்பி அதிகாரிகள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, விசாரியாமல் ரோமரை அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று மறுத்தவர். ரோம ஆளுநர் பெஸ்துவுக்கு முன்பாக 'இராயனுக்கு அபயமிடுகிறேன்' என்று பேரரசரிடம் மேல்முறையீடு செய்தவர். கொரிந்து சபைக்கு அவர் எழுதியது சகோதரருக்குள் எழும் பிணக்குகளைப் பற்றி. ஒரு பெண்ணின் மானத்தைக் கெடுத்து ஒலிப்பதிவு பரப்புவதை அந்த வகையில் சேர்க்க முடியாது. அதற்குச் சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால், அதை அவர் ஏன் ஒலிப்பதிவு செய்தவரிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம்.

அந்த ஒலிப்பதிவு உங்கள் மேல் சுமத்தும் அவதூறு, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: அவதூறுக்குக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட மாட்டார்கள், நீங்களே குற்றவியல் நடுவர் முன் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு. நட்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவதானால் ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும். பேசப்பட்ட சொற்கள் பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கமுடையவை என்று காட்ட முடிந்தால் 79ஆம் பிரிவு பொருந்தலாம். அது காவல் துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம், மூன்று ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. நீங்கள் எழுதியனுப்பிய சொற்களைப் பார்த்தால் 79ஐ முயலலாம் என்பதே என் கருத்து.

ஒலிப்பதிவை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள். அது முதலில் வந்து சேர்ந்த கைபேசியையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பத்துப் பேருக்குக் கைமாறி வந்த பிரதியை வைத்துக்கொண்டு அதைப் பெறுவது தொல்லை. உங்கள் குழு இளைஞர் கோபத்தில் பதிலுக்கு ஓர் ஒலிப்பதிவு போட்டாரே, அவரிடம் இனி ஒரு சொல்லும் அந்தக் குழுவில் பேச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான்.

மொட்டை மனு விஷயம் வேறு. திருமண்டலத்துக்கு ஒருவர் நல்லெண்ணத்துடன் புகார் கொடுப்பது அவதூறு ஆகாது. அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதற்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. கையெழுத்தில்லாத மனுவை எழுதியவர் யார் என்று தேடி அலைவதில் உங்கள் பலத்தைச் செலவிடாதீர்கள். எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, எடுத்துக் கட்டிய நெகேமியாவுக்கு, அதை எதிர்த்த சன்பல்லாத்து ஐந்தாம் தடவை அனுப்பியது முத்திரை போடாத கடிதம், வழியில் எல்லாரும் வாசிக்கட்டும் என்றுதான். நெகேமியா, நீர் சொல்லுகிற காரியங்கள் நடக்கவில்லை, அவை உம்முடைய கற்பனை என்று சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டு அலங்கத்து வேலையைப் பார்த்தார். உங்கள் பதில் அந்த ஒரு பக்கக் கணக்குத்தாள். விசாரணைக்கு அழைத்தால் தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். கேள்விகளை எழுத்தில் தரச் சொல்லி, எழுத்திலேயே பதில் கொடுங்கள்.

வரியும் கல்லறையும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பாதுகாப்பது பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரைத் தவிர வேறு எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. ஆகவே கிறிஸ்தவர்களான கீழத்தெருக் குடும்பங்கள் அந்தச் சட்டத்தில் புகார் கொடுத்தால் முதல் படியிலேயே சிக்கல் வரும். நீங்கள் கொடுக்க வழியே இல்லை. இந்த நிலை நியாயமா என்பது நீண்ட காலமாக நாடு முழுவதும் நடக்கும் விவாதம். உங்கள் அசனத்துக்குள் அது முடிந்துவிடாது.

ஆனால் பலரும் மறந்துவிட்ட பழைய சட்டம் ஒன்று இருக்கிறது: குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் செயல்படுத்த வந்தது இது. பொது வழிபாட்டிடம் என்று இது சொல்லும்போது எந்த ஒரு மதத்தையும் பெயர் குறிப்பிட்டு ஒதுக்கவில்லை. தீண்டாமையின் பெயரால் கல்லறைத் தோட்டத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை இதன் 4ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 7ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. தன் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தார் என்ற காரணத்துக்காக, அச்சமூகத்தில் அவருக்குள்ள உரிமையை மறுப்பதும், அவரை விலக்கிவைப்பதில் பங்கெடுப்பதும் அதன்படி குற்றம். ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். வாசலில் நின்று 'வரி வாங்க மாட்டோம், கல்லறையில் இடமில்லை' என்று சொன்னவர், தாம் பேசியது ஊர் வழக்கம் என்று நினைத்திருப்பார். அது சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

இதன் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். நடந்தது தீண்டாமைதானா, வெறும் சபைப் பிணக்கா என்று எதிர்த்தரப்பு வாதாடும். கிறிஸ்தவத்தில் தீண்டாமையே இல்லையே என்றுகூட முகம் கோணாமல் சொல்வார்கள். சாட்சி வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்தச் சொற்களில் சொன்னார், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று இன்றே எழுதிவையுங்கள். வரிப் பணத்தைக் கொடுக்கும்போது இருவர் முன்னிலையில் கொடுங்கள்; வாங்க மறுத்தால் அதே தொகையை மணியார்டரில் சபைச் செயலாளர் பெயருக்கு அனுப்பி, திரும்பி வந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். புகார் கொடுப்பது அதற்குப் பிறகு. பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு என்று பாராமலே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும்.

பூட்டிய கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'எங்கள் தாத்தாமார் கட்டியது' என்று மேலத்தெருவில் சொல்கிறார்களாம். இத்தகைய கட்டடங்களின் பத்திரம் பெரும்பாலும் தெருவார் பெயரில் இருப்பதில்லை, திருமண்டலத்துக்குரிய டிரஸ்ட் பெயரில்தான் இருக்கும். ஆகவே பூட்டியவருக்குப் பூட்டும் அதிகாரம் இருந்ததா என்பதே கேள்வி. சேகரக் கமிட்டியின் (சபை நிர்வாகக் குழுவின்) தீர்மான நகலைக் குருவானவரிடம் எழுத்தில் கேளுங்கள். அதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. பந்தி முறையை மாற்றும் தீர்மானத்தை நீங்கள் கமிட்டியில் வைக்கவே இல்லை. தோற்றுப்போகும் என்று தெரிந்தாலும் வையுங்கள். எதிர்த்து வாக்களித்தவர்களின் பெயரும் காரணமும் குறிப்பேட்டில் ஏறட்டும். கோவிலுக்குள் சமமாக முழங்கால் போடுபவர்கள் பந்தியில் ஏன் கூடாது என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டி வரும்போது, பலர் அன்று கூட்டத்துக்கே வராமல் இருந்துவிடுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐந்து சென்ட் நிலம்

இளைஞர்களின் கோபம் புரிகிறது. ஆனால் இந்த யோசனையை நான் ஆதரிக்கவில்லை. பொது வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். எதிர்ப்பு உள்ள ஊரில் அது எளிதில் கிடைக்காது. நிலம் ஒரு தனி மனிதர் பெயரில் இருக்கும். அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் பாகம் கேட்பார்கள். என்னிடம் வந்த சபை வழக்குகளில் பல, இப்படி அவசரத்தில் வாங்கிய ஐந்து சென்ட், பத்து சென்ட்டைப் பற்றியவை.

திருநெல்வேலிச் சீமைக்குப் பிரிவு புதிதல்ல. 1799ல் சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர் உருவானதும், 1830ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்மச் சங்கம் அமைத்து நிலம் வாங்கியதும், சொந்த ஊரில் இருக்க விடாமல் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களைக் குடியேற்ற. அதே ரேனியஸ் 1835ல் தம்மை அனுப்பிய மிஷனரிச் சங்கத்தோடு முரண்பட்டுப் பிரிந்தபோது சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838ல் அவர் இறந்த பிறகுதான் பெரும்பாலானவை மறுபடி ஒன்றுசேர்ந்தன. முதல் வகைப் பிரிவுக்கு வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் இன்னும் துரத்தப்படவில்லை. மேலும், உங்கள் குழுவும் கீழத்தெருவும் தனி ஜெபவீட்டுக்குப் போய்விட்டால், ஊர் ஆலயத்தில் ஒரே தெரு மட்டும் மிஞ்சும். உங்களை எதிர்ப்பவர்கள் கேட்காமலே அவர்கள் விரும்பியது நடந்துவிடும்.

வீட்டுக்குள்ளும் குழுவுக்குள்ளும்

கணவர் 'வம்பு' என்று சொல்வதை எதிர்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒலிப்பதிவைச் சந்தையில் நின்று நாலு பேர் முன்னிலையில் அவர் கேட்க நேர்ந்தது என்று அடுத்த பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பட்ட காயத்தைப் பற்றி வீட்டில் இதுவரை பேசியிருக்கிறீர்களா? குழுக் கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். புகார் கொடுப்பதா என்பதை அவரையும் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். சாட்சிக் கூண்டில் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிறவர் அவர்தான்.

விலகிய இருவரைத் 'துரோகிகள்' என்று இளைஞர்கள் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவருக்கு மகளின் திருமணம் அதே தெருவில் பேசி முடிவாகியிருக்கிறது. அவர் வெளியே தலைகாட்ட முடியாது. ஆனால் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்க அவரால் முடியும், கேட்டுப் பாருங்கள்.

விட்டுவிடலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, முழுவதுமாக விட வேண்டாம் என்பது என் பதில். ஆனால் இந்த ஆண்டே எல்லாம் நடக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடலாம். கீழத்தெருவார் 'இந்த ஆண்டு பரிமாறுவது மட்டும் போதும்' என்று சொன்னால் அந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதை அவர்கள் சொல்ல வேண்டும், கமிட்டி உங்களுக்குப் பேரம் பேசித் தரக் கூடாது. மோதல் வரும் என்று அஞ்சினால், அசனத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை கஞ்சியை மறுபடி தொடங்குங்கள். கட்டடம் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அடுப்பில் காய்ச்சித் தூக்குச்சட்டியில் வீடு வீடாகக் கொண்டுபோகலாம். சனிக்கிழமைக் கஞ்சிக்கு வந்த முதியவர்களில், வாசலில் நின்று பேசிய அந்தப் பெரியவரின் தாயாரும் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கும் எட்டு வாரமாகக் கஞ்சி போகவில்லை. வரும் சனிக்கிழமை முதல் தூக்குச்சட்டி அந்த வீட்டுக்குப் போகட்டும். குழுவில் இருவராகப் போங்கள், திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பாமல் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.